மலையேறிய நாடி

கல்பனா மலைக்காரனிடம் வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான். மனிதர்களிடம் அப்படியல்ல. பொதட்டூர்பேட்டையில் அவள் லுங்கி மடித்து ஸ்டிக்கர் ஒட்டுகிற கடையில், "நாளைக்கு முதல் பஸ்ஸுக்கே வந்துடறேன் சார்" என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள். முதலாளி ஒருமுறைகூட நம்பியதில்லை. ஆனால் திருத்தணி முருகனிடம் அந்த வேலையெல்லாம் நடக்காது என்று அவளுக்கு ஒரு பயம் உண்டு.

பங்குனியில் அவள் புருஷன் நாகேந்திரன், சர்க்கரை ஆலையில் கரும்பு லாரி எடை போடுகிற இடத்தில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான். ஆம்புலன்ஸ் கதவை ஒரு கையால் பிடித்துக்கொண்டே மலை இருக்கும் திசையைப் பார்த்து, "ஆளை உசுரோட திருப்பிக் குடுத்துடு. ஆடிக் கிருத்திகைக்குப் புஷ்பக் காவடி எடுக்க வெக்கிறேன்" என்று கல்பனா நேர்ந்துகொண்டாள். நேர்ந்துகொண்டது இவள், சுமக்க வேண்டியது அவன். கல்யாணமான பெண்கள் பலருக்கும் இந்தச் சாமர்த்தியம் உண்டு.

முருகன் திருப்பிக் கொடுத்தான், ஆனால் முழுசாகக் கொடுக்கவில்லை. இதயத் தசை தளர்ந்துவிட்டது, துடிப்பு எந்த நேரத்திலும் தடம் மாறலாம், தேறுகிறவரைக்கும் மார்பைச் சுற்றி ஒரு பெல்ட் போட்டிருக்க வேண்டும் என்று சென்னை ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். துடிப்பு தறிகெட்டுப் போனால் பெல்ட்டே ஒரு ஷாக் கொடுத்து அதைப் பழைய வழிக்குத் திருப்பிவிடுமாம். பெல்ட்டுக்குத் துணையாகக் கையில் ஒரு வாட்ச். இரண்டிலும் சிம் போட்டிருந்தது. அவன் எழுந்தாலும் உட்கார்ந்தாலும் சென்னைக்குச் சேதி போய்விடும்.

அதையெல்லாம் மாட்டிவிட்டுப் போக ஆஸ்பத்திரியிலிருந்து ஷோபனா என்கிற நர்ஸ் வீட்டுக்கே வந்தாள். பொறுமைசாலிப் பெண். நாகேந்திரன் கேட்ட குறும்புக் கேள்விக்கெல்லாம் அவள் முகம் சுளிக்காமல் பதில் சொன்னாள்.

"வாட்ச் உங்க நாடியைக் கத்துக்கும் சார். பெல்ட் உங்க இதயத்தைக் கத்துக்கும். ரெண்டும் ஒரே உடம்புலதான் இருக்கான்னு எப்பவும் ஒத்துப் பார்த்துகினே இருக்கும். கைரேகை மாதிரிதான் இதுவும், ஒருத்தர் துடிப்பு இன்னொருத்தருக்கு இருக்காது."

"எதுக்கும்மா இவ்ளோ காவல்? என் நெஞ்சுல இன்னா புதையலா கீது?"

"ஷாக் குடுக்கிற மெஷினாச்சே சார். எவனாவது எங்கேயோ உட்கார்ந்துகினு போன் வழியா உள்ள பூந்து அதை ஓட்டிட்டான்னா? அதனாலதான் உங்க உடம்பையே சாவியா வெச்சிருக்கு. நாங்க நினைச்சாகூட சென்னையிலேர்ந்து திறக்க முடியாது."

அவன் துடிப்பே அடையாளம் தெரியாமல் மாறிப்போனால் என்ன செய்வது என்பதற்காக இரண்டாவதாக ஒரு சாவியும் பதிய வேண்டியிருந்தது. வீட்டில் கூடவே இருக்கிற ஒருவருடைய நாடி. கல்பனா அப்போதுதான் பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடிவந்திருந்தாள். வாட்சின் கண்ணாடிமேல் விரலை வைத்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது.

"அக்கா, சும்மா அமைதியா உட்காருங்க. மனசுல ஒண்ணும் வெச்சிக்காதீங்க. சாதாரணமா இருக்கும்போது எப்படி அடிக்குமோ அதுதான் வேணும்."

அமைதியாக உட்கார்ந்தால் நாகேந்திரன் விடுகிறானா? எதிரே நின்று போட்டோவுக்கு நிற்கிற மாப்பிள்ளை மாதிரி விறைத்துக்கொண்டு காட்டினான். அவள் சிரித்துவிட்டாள். மறுபடி சிவப்பு. கடைசியில் அவனே உள்ளே போய் ஒரு டம்ளர் மோர் கொண்டுவந்து கொடுத்தான். அவள் குடித்துவிட்டு விரலை வைத்ததும் பச்சை எரிந்தது. "பாத்தியாம்மா, இவ ஒடம்புல ஓடுறது ரத்தமில்ல, மோரு" என்றான் அவன்.

கிளம்புவதற்கு முன் ஷோபனா இன்னொன்றும் சொன்னாள். குளிக்கும்போது வாட்சைக் கழற்றி வைக்கலாம், பெல்ட் தானே பார்த்துக்கொள்ளும்; ரொம்ப நேரம் கழற்றியிருந்தால் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வரும். வேறு யார் கையிலும் மட்டும் கட்டக் கூடாது. கட்டினால், கொஞ்ச நேரம் ஒத்துப் பார்த்துவிட்டு, யாரோ அந்நியர் நுழைந்துவிட்டதாக நினைத்து எல்லாம் பூட்டிக்கொள்ளும். இதைச் சொன்னபோது கல்பனா மோர் டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தாள். காதில் விழுந்தது, மனதில் விழவில்லை.

ஆடிக் கிருத்திகை வந்தது. மலையேறுகிற பேச்சே கூடாது, மாடிப்படிகூட ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் காவடியைக் கல்பனாவே எடுப்பதாக முடிவாயிற்று. அதற்கு அவர்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. காவடி எடுக்க வேண்டியவன் படுத்துக் கிடந்தால், எடுக்கிறவர் மேல் அவன் உடம்பில் கிடந்த துணி ஒன்றாவது இருக்க வேண்டும். அவன் ஏறியதாக முருகன் ஏற்றுக்கொள்வான். நாகேந்திரன் கழுத்தில் போட்டுத் துடைத்த துண்டை முந்தின நாளே எடுத்துத் தனியாக வைத்திருந்தாள்.

காலையில் மஞ்சள் சேலை கட்டி, கையில் காப்பு கட்டிக்கொண்டு வந்து நின்றவள் அந்தத் துண்டைப் பார்த்தாள். கட்டிலில் சாய்ந்திருந்த அவன் கையையும் பார்த்தாள். அவள் நகரிப் பக்கத்துப் பெண். இவன் அவளுக்கு அத்தை மகன், பாவாடை கட்டின வயதிலிருந்தே பாவா. மரியாதையெல்லாம் ஊருக்கு முன்னால்தான்.

"பாவா, அந்த வாட்சைக் குடு."

"எதுக்குடி? துண்டு போதாதா?"

"துண்டுக்கு உன் வியர்வைதான் தெரியும். இதுக்கு உன் நாடியே தெரியும். உன் நாடியை மலை ஏத்திட்டு வந்தேன்னா நீயே ஏறுன மாதிரி ஆயிடும் இல்ல?"

"கழட்டுனா போன் வருமே."

"கழட்டி வெச்சாத்தானே வரும்? நான் கட்டிக்கிறேன். அதுக்கு ஏதோ ஒரு நாடி வேணும், அவ்ளோதான?"

நாகேந்திரன் கொஞ்சம் யோசித்தான். அவனுக்கும் மனசுக்குள் ஆசை இருந்தது. சின்ன வயதிலிருந்து ஒரு கிருத்திகையும் தவறாமல் ஏறினவன், முதல் தடவையாகக் கீழே படுத்திருக்கிறான். கையை நீட்டினான். அவளே கழற்றித் தன் இடது கையில் கட்டிக்கொண்டு, துண்டையும் கழுத்தில் போட்டுக்கொண்டாள். அவன் தங்கை அம்முவைத் துணைக்கு உட்கார வைத்துவிட்டு, வாசலில் காவடியைத் தோளில் ஏற்றிக்கொண்டு கிளம்பினாள். அன்றைக்குத் தன்னைவிடக் கெட்டிக்காரி ஊரில் இல்லை என்றுதான் அவளுக்குத் தோன்றியது.

படியில் கால் வைக்க இடமில்லை. மஞ்சள் துணியும் பூவும் பால்குடமுமாகக் கூட்டம் மேலே நகர்ந்துகொண்டிருந்தது. காணாமல் போன பிள்ளைகளின் பெயரை மைக்கில் தமிழில் ஒரு தடவை, தெலுங்கில் ஒரு தடவை கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். முக்கால்வாசி ஏறியிருப்பாள், இடுப்பில் செருகியிருந்த போன் அடித்தது. ஷோபனாதான்.

"அக்கா, சார் என்ன பண்றாரு? வாட்சுல நாடி எகிறுதே?"

கல்பனா கூசாமல் சொன்னாள். "துணி காயப் போட மாடிக்குப் போயிட்டாரும்மா."

"ஐயோ, ஏறக் கூடாதே அக்கா! உடனே படுக்கச் சொல்லுங்க. அது என்ன சத்தம்?"

"டிவிம்மா. கிருத்திகை காட்டிகினு இருக்கான்."

"அரோகரா!" என்று பக்கத்தில் ஒருவர் அவள் காதிலேயே கத்தினார். சிரிப்பை அடக்கிக்கொண்டு போனைச் செருகிக்கொண்டாள். அந்தச் சிரிப்பை நினைத்து அவள் பிற்பாடு அழுத அழுகைக்கு அளவில்லை. அப்போது உண்மையைச் சொல்லியிருந்தால், "கழட்டிடுங்கக்கா" என்று ஷோபனா சொல்லியிருப்பாள், அதோடு போயிருக்கும்.

கோயில் கோபுரம் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் மறுபடி போன் அடித்தது. இந்தத் தடவை ஷோபனாவின் குரல் வேறாக இருந்தது.

"அக்கா, உண்மையைச் சொல்லுங்க. வாட்ச் யார் கையில இருக்கு?"

கல்பனா தன் இடது கையைப் பார்த்தாள்.

"பெல்ட்டுல சாரோட துடிப்பு தாறுமாறா ஓடிகினு இருக்கு. வாட்சுல யாரோ நல்லா நடந்து போறாங்க. ரெண்டு உடம்புன்னு முடிவு பண்ணி எல்லாம் பூட்டிக்கிச்சு. ஷாக் குடுக்க வேண்டிய நேரத்துல குடுக்காம நிக்குது அக்கா. யார் கையில?"

"என் கையில. மலை மேல கீறேன்."

"ஐயோ அக்கா!" என்றாள் ஷோபனா.

"கழட்டிடவா? இப்பவே கழட்டிடறேன்மா, தூக்கிப் போட்டுடறேன்."

"போடாதீங்க! இனிமே கழட்டிப் பிரயோஜனமில்லை. அது அவர் கையில ஏறணும். இல்லைன்னா அவர் பக்கத்துல வெச்சு நீங்க விரல் வெக்கணும். ஆம்புலன்ஸுக்குச் சொல்லியிருக்கோம், ஆனா ஊருக்குள்ள வண்டியை விட மாட்டேங்கறாங்களாம். எறங்குங்க அக்கா. உடனே எறங்குங்க."

இறங்குவது என்றால் எப்படி? தோளில் காவடி. சந்நிதியில் இறக்குகிறவரை தரையில் வைக்கக் கூடாத காவடி. ஏறுகிற படியில் ஊரே ஏறிக்கொண்டிருக்கிறது. கல்பனா அம்முவுக்குப் போன் போட்டாள், போகவில்லை. மறுபடி போட்டாள். கூட்டத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் போன் பேசினால் யாருக்குத்தான் கிடைக்கும்?

"என் வீட்டுக்காரர் சாகக் கெடக்கறாரு! யாராவது இதைப் பிடிங்களேன்!" என்று கத்தினாள். திரும்பிப் பார்த்தவர்கள், சாமி வந்துவிட்டது என்று நினைத்துக் கும்பிட்டார்கள். ஒருவர் அவள் நெற்றியில் விபூதிகூடப் பூசினார். கிருத்திகையன்று அந்தப் படியில் ஒரு பெண் தலைவிரிகோலமாகக் கத்தினால் வேறென்ன நினைப்பார்கள்?

பின்னால் வந்த ஒரு பெண்ணுக்கு மட்டும் முகத்தைப் பார்த்துப் புரிந்தது. மொட்டையடித்த தலையில் சந்தனம் பூசிக்கொண்டு, புத்தூர்ப் பக்கத்திலிருந்தோ எங்கிருந்தோ வந்தவள். "நாக்கு இவ்வம்மா. நேனு தீசுகெள்தானு. நுவ்வு போ" என்று, தான் கொண்டுபோவதாகத் தெலுங்கில் சொல்லிக்கொண்டே காவடியின் அடியில் தன் தோளைக் கொடுத்தாள். கல்பனா அவள் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. பாரம் நகர்ந்ததும் திரும்பி ஓடத் தொடங்கினாள்.

ஓடவும் முடியவில்லை. ஏறுகிற தோள்களில் முட்டி, காவடிகளின் அடியில் குனிந்து, கைப்பிடிச் சுவரோடு உரசிக்கொண்டு இறங்கினாள். திட்டினார்கள். ஒரு போலீஸ்காரர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, "ஏய், எறங்குற வழி அந்தாண்ட, திரும்பிப் போ" என்றார். அவள் பதிலே சொல்லாமல் கயிற்றுக்கு அடியில் புகுந்து போய்விட்டாள். கையில் அந்த வாட்ச் அவளுடைய நாடியை எண்ணி எண்ணிக் காட்டிக்கொண்டே வந்தது. கழுத்தில் கிடந்த துண்டு எங்கே விழுந்ததென்று தெரியாது.

முருகா, நான் ஒருத்தி பண்ணின தப்புக்கு அவரை எடுத்துக்காதே. என்னை எடுத்துக்கோ. இப்பவே இந்தப் படியில உருட்டி விடு. இப்படிப் புலம்பிக்கொண்டே இறங்கினாள். அடுத்த நிமிஷமே, ஐயோ, நான் உருண்டால் வாட்சை யார் கொண்டுபோய்க் கொடுப்பது என்று பயந்து சுவரைப் பிடித்துக்கொண்டாள். சாவதற்குக்கூட அவளுக்கு அப்போது நேரம் இல்லை.

சரவணப் பொய்கைக்குப் பின்பக்கத் தெருவில்தான் வீடு. குளத்தைச் சுற்றியும் குளிக்கிறவர்களும் மொட்டையடிக்கிறவர்களும் அடைத்துக்கொண்டிருந்தார்கள். ஈரத் தலைமுடியை மிதித்து வழுக்கி ஒருமுறை விழுந்தாள். எழுந்து ஓடினாள். தெருமுனையிலேயே அம்முவின் அழுகை கேட்டது.

நாகேந்திரன் கட்டிலில் கிடந்தான். முகம் சாம்பல் பூத்திருந்தது. சட்டை வியர்வையில் நனைந்து பெல்ட்டோடு ஒட்டிக்கொண்டிருந்தது. மூச்சு இருந்தது, மேலாக, அரைகுறையாக. அம்முவின் போனில் ஷோபனா பேசிக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, ஆம்புலன்ஸ் ரயில்வே கேட்டுக்கு அந்தாண்டயே நிக்குதாம். பெல்ட்டுல ஷாக் குடு குடுன்னு பட்டனை அமுக்கிப் பாத்தேன். சிவப்பாவே எரியுது அண்ணி, ஒண்ணுமே பண்ண மாட்டேங்குது!" என்று அழுதாள் அம்மு.

"எதுக்குடி… ஓடியாந்த?" என்றான் நாகேந்திரன். கண்ணைத் திறக்காமலே சொன்னான். அவள் வந்தது எப்படித் தெரிந்ததோ.

வாட்சைக் கழற்றி அவன் கையில் கட்டினாள். அவசரத்தில் வார் ஓட்டையில் நுழைய மாட்டேன் என்றது. அம்மு நுழைத்தாள். இருவரும் விளக்கைப் பார்த்தார்கள். சிவப்பு. இன்னும் பார்த்தார்கள். சிவப்பு.

"அது அவரைத் தெரிஞ்சிக்கலை அக்கா" என்றாள் ஷோபனா. "அவர் துடிப்பு இப்ப அவரோட துடிப்பு மாதிரியே இல்லை. நீங்க வைங்க. நீங்கதான் ரெண்டாவது சாவி."

கல்பனா கண்ணாடிமேல் விரலை அழுத்தினாள். சிவப்பு.

"எனக்கும் இல்லம்மா! எனக்கும் சிவப்புதான் எரியுது!"

"ஓடி வந்திருக்கீங்க, அதான். உங்க சாதாரண நாடிதான் அதுல பதிஞ்சிருக்கு. கொஞ்சம் அமைதியாகணும் அக்கா. மூச்சை மெதுவா இழுத்து விடுங்க."

"நீ அங்கேர்ந்து தெறந்து விடேன்மா! உன் காலைப் பிடிச்சிக்கிறேன்!"

"எங்களால முடியாது." அந்தப் பெண்ணின் குரலும் உடைந்தது. "யாராலயும் வெளியிலேர்ந்து முடியக் கூடாதுன்னுதான் அப்படிப் பண்ணியிருக்கு. டாக்டர் பக்கத்துலதான் இருக்காரு, அவராலயும் முடியாது. நீங்க மட்டும்தான் அக்கா. அமைதியா உட்காருங்க. மனசுல ஒண்ணும் வெச்சிக்காதீங்க."

அன்றைக்கு நாடி பதிய உட்கார்ந்தபோது சொன்ன அதே வார்த்தை. கட்டின புருஷன் கண்முன்னே போய்க்கொண்டிருக்கிறான், பக்கத்தில் உட்கார்ந்து அமைதியாக இரு என்கிறார்கள். உலகத்தில் எந்தப் பெண்ணிடமாவது இப்படி ஒன்றை யாராவது கேட்டிருப்பார்களா? அழச் சொன்னால் அழலாம். கழுத்தை அறுத்துக்கொள்ளச் சொன்னால்கூட அந்த நிமிஷத்தில் அவள் அறுத்துக்கொண்டிருப்பாள்.

கட்டிலோரம் தரையில் உட்கார்ந்தாள். கண்ணை மூடினாள். முருகா முருகா என்று சொன்னாள். ஒவ்வொரு முருகாவுக்கும் நெஞ்சு இன்னும் வேகமாக அடித்தது, ஏனென்றால் ஒவ்வொன்றிலும் அவள் கெஞ்சிக்கொண்டிருந்தாள். சிவப்பு. மூச்சை இழுத்து விட்டாள். அம்மு ஓடிப்போய் மோர் கொண்டுவந்தாள். பாதி வாயில் போயிற்று, பாதி சேலையில் போயிற்று. சிவப்பு. வாட்சைப் பிடித்திருந்த கையில் அவன் கை சில்லிட்டுக்கொண்டு வந்தது.

"பாவா" என்றாள். "பாவா, இங்க பாரு." கண் பாதி திறந்திருந்தது, ஆனால் அது எதையும் பார்க்கவில்லை.

அவ்வளவுதான் என்று அவளுக்குத் தோன்றியது.

எப்படி வந்தது அந்த நினைப்பு என்று அவளால் இன்றும் சொல்ல முடியாது. போய்விட்டான். முடிந்துவிட்டது. இனி ஓடி ஆக வேண்டியது எதுவும் இல்லை. மாமியாருக்குச் சொல்லியனுப்ப வேண்டும். நகரியிலிருந்து அப்பா வரவேண்டும், பஸ் எல்லாம் ஊருக்கு வெளியே நிற்கிறது, எந்த வழியாக வருவார்? ஆலையில் யாரிடம் சொல்வது? ஆணியில் மாட்டியிருக்கிற நீலச் சட்டை புதுசு, ஒருதரம்கூட அவன் போடவில்லை, அதைப் போட்டுத்தான் அனுப்ப வேண்டும். தெருவில் பந்தல் போட இடம் இருக்கிறதா? இப்படி ஒவ்வொன்றாக, யாருடைய வீட்டு வேலையோ மாதிரி, நினைத்துக்கொண்டே போனாள். அழுகை வரவில்லை. தோள் இறங்கியது. நாள் பூராவும் லுங்கி மடித்துவிட்டுச் சாயங்காலம் பஸ் ஜன்னலில் தலை சாய்க்கும்போது உடம்பு எப்படி ஓய்ந்து கிடக்குமோ, அப்படிக் கிடந்தது. விரல் மட்டும் கண்ணாடிமேல் மறந்துபோய் இருந்தது.

"அண்ணி!" என்று அம்மு அலறினாள்.

பச்சை எரிந்தது.

"விலகி நில்லுங்கள். யாரும் தொட வேண்டாம்" என்று பெல்ட்டுக்குள்ளிருந்து ஒரு பெண் குரல், செய்தி வாசிக்கிறவள் மாதிரி, நிதானமாகச் சொன்னது. அம்மு கல்பனாவைப் பிடித்து இழுத்தாள். நாகேந்திரன் உடம்பு கட்டிலிலிருந்து ஒருமுறை தூக்கிப் போட்டது. "யம்மா!" என்று அவன் கத்திய கத்தலில் தெருவே கூடிவிட்டது. கண்ணைத் திறந்து, மலங்க மலங்க விழித்து, "யாருடி என்னை ஒதைச்சது?" என்று கேட்டான்.

போனில் ஷோபனா அழுதுகொண்டே சிரித்தாள். அம்மு சாமி படத்துக்கு முன்னால் விழுந்து கும்பிட்டாள். கல்பனா மட்டும் சுவரோடு சாய்ந்து நின்று அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நீலச் சட்டை ஆணியில் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது.

ஆம்புலன்ஸ் வந்தது, சென்னைக்குக் கொண்டுபோனார்கள், கொஞ்ச நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். ஊர் முழுக்க அவள் பேச்சாகத்தான் இருந்தது. மலையிலிருந்து ஓடிவந்த கதையைவிட, ஓடிவந்த கையோடு தெய்வம் மாதிரி அமைதியாக உட்கார்ந்தாளே, அந்தக் கதையைத்தான் எல்லோரும் சொன்னார்கள். "முருகன் வந்து இவமேல எறங்கிட்டாரு, நான் கண்ணால பாத்தேன்" என்று அம்மு போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் புதிதாகப் பெல்ட் வாங்குகிறவர்களுக்குக் கல்பனாவைத்தான் ஷோபனா உதாரணமாகச் சொல்கிறாளாம். கேட்கும்போதெல்லாம் கல்பனா எழுந்து உள்ளே போய்விடுவாள். காவடி சந்நிதிக்குப் போய்ச் சேர்ந்ததா என்றும் அவள் விசாரிக்கவில்லை.

புரட்டாசியில் ஷோபனா மறுபடி வந்தாள். இரண்டாவது சாவி ஒருமுறை திறந்துவிட்டால் மறுபடி செல்லாதாம், பாதுகாப்புக்காக. புதிதாகப் பதிய வேண்டும்.

"இவ நாடிதான் வேணும்" என்றான் நாகேந்திரன், நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு. உடம்பு நன்றாகத் தேறியிருந்தது. நீலச் சட்டை போட்டிருந்தான். "வேற யாராவது இருந்திருந்தா நான் அன்னிக்கே போயிருப்பேன். மோரு கொண்டாரட்டாடி?"

கல்பனா விரலை வைத்தாள். சிவப்பு எரிந்தது.

"அமைதியா உட்காருங்கக்கா. உங்களுக்கா சொல்லணும்?" என்று ஷோபனா சிரித்தாள். "அன்னிக்கு உட்கார்ந்த மாதிரி உட்காருங்க."

அவள் புருஷன் எதிரே உயிரோடு, சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கல்பனாவுக்கு நெஞ்சு படபடவென்று அடித்தது. அன்றைக்கு உட்கார்ந்த மாதிரி உட்கார வழி அவளுக்குத் தெரியும். பந்தல் போட இடம் பார்க்க வேண்டும், அப்பாவுக்குச் சொல்லியனுப்ப வேண்டும், அந்தச் சட்டையை மாட்டிவிட வேண்டும். அவ்வளவுதான், பச்சை எரிந்துவிடும்.

விரலை எடுத்துவிட்டாள்.

"அம்முவோடதைப் பதிஞ்சிக்கோம்மா."

"இன்னாடி? ஏன்?" நாகேந்திரனுக்கு முகம் வாடிவிட்டது. "அன்னிக்கு மட்டும் எப்படி முடிஞ்சுது? அப்படி இன்னாத்தை நெனைச்சிகினு உட்கார்ந்த நீ?"

"முருகனைத்தான் நெனைச்சேன் பாவா" என்று சொல்லிவிட்டு, அவள் அம்முவைக் கூப்பிட வாசலுக்குப் போனாள்.